அண்ணன் கொடுத்த நீலப் பெட்டை

அந்த ஞாயிற்றுக்கிழமை எங்கள் தாராவி அறையில் இருந்தவர்கள்: நான், என் மனைவி இருதயமேரி, அவளுடைய அண்ணன் சிங்கராயர். கூண்டுக்குள் இரண்டு ஜோடி லவ் பேர்ட்ஸ், முட்டையிடக் கட்டிய பானை ஒன்றில் மூன்று குஞ்சுகள், ஜோடியில்லாத ஒரு நீலப் பெட்டை.

நீலத்தைக் கொண்டுவந்தவர் சிங்கராயர்தான். கிறிஸ்துமஸுக்குத் தங்கைக்குச் சீர். இரண்டு ஜோடி குடியிருக்கும் கூண்டில் தனிப் பெட்டையை விடக் கூடாது. பானைக்காகக் கொலை செய்யும். மூன்றாவது பானை கட்டிக் கொடுத்தேன். அதற்கு அடுத்தவள் பானைதான் வேண்டியிருந்தது. வேறு கூண்டு வைக்க அறையில் இடமில்லை. திருப்பிக் கொடுத்துவிடலாம் என்றேன். பிறந்த வீட்டுச் சீரையா என்று கேட்டுவிட்டு இருதயமேரி ஒரு வாரம் என்னோடு பேசவில்லை.

போன தடவை பொரித்த குஞ்சுகள் எல்லாம் செத்தன. எலி என்றாள் இருதயமேரி. எலி என்றால் தின்றிருக்கும். இவை கழுத்தில் கொத்துப்பட்டு முழுசாகக் கிடந்தன.

மில்லில் இரவு வேலையை விட்டுவிட்டு நான் பறவை வளர்த்து விற்பது அவளுக்குப் பிடிக்கவில்லை. கடைசியில் ஒரு பேச்சுக்கு வந்தோம். இந்த மூன்றும் செத்தால் கூண்டு போகும், நான் மில்லுக்குத் திரும்புவேன். சாகாது என்று எனக்குத் தெரியும், நீலம் வெளியேறினால்.

“மில் மேஸ்திரிகிட்ட பேசிட்டேன் மாப்ள,” என்றார் சிங்கராயர். “நாளைக்கே ராத் பாளிக்கு, ராத்திரி ஷிப்டுக்கு வந்துரும். ஆம்பள பகல்ல குருவிக்குத் தினை போட்டுக்கிட்டு இருக்கான்னு இந்தச் சால் குடியிருப்புல எல்லாவனும் சிரிக்கான்.”

“சிரிக்கவனே ஒரு ஜோடி கேட்டிருக்கான், மச்சான்.”

“பிழைச்சாத்தானவே குடுப்பீரு?”

“உங்க சீரை நீங்களே எடுத்துக்கிட்டுப் போனா பிழைக்கும்.”

இருதயமேரி டீ டம்ளரை நங்கென்று வைத்தாள். “வாயில்லா சீவனை எதுக்குக் கரிச்சுக் கொட்டுதீங்க?”

“வாய்தான அதுக்கு இருக்கு,” என்றேன்.

குஞ்சுகளின் தாய் தினை கொத்தப் பானையை விட்டு வெளியே வந்தது. நீலம் கம்பில் நகர்ந்து நகர்ந்து அந்தப் பானையின் வாய்க்கு வந்து தலையை நுழைத்தது. நான் எழுந்தேன். கூண்டுக்கு அருகில் நின்றவள் இருதயமேரி. உள்ளே குஞ்சு கீச்சிட்டது. அவள் கூண்டைத் திறந்து, பானைக்கு வெளியே தெரிந்த வாலைப் பிடித்து இழுத்தாள். நீலம் திரும்பி அவள் விரலைக் கவ்வியது. உதறியும் விடவில்லை.

பானையைப் பார்த்தேன். ஒரு குஞ்சுக்குக் காலில் காயம். மூன்றும் உயிரோடு இருந்தன.

அவள் என்னைப் பார்க்கவில்லை. அண்ணனுடைய துணிப்பையை எடுத்தாள், நீலத்தை உள்ளே விட்டாள், பையின் வாயைச் சுருட்டி அவர் கையில் கொடுத்தாள்.

“சீரு புள்ள இது,” என்றார்.

“தெரியும். நல்லாத் தினை போட்டு வளத்துக்கோ.”

“அப்ப மேஸ்திரிகிட்ட என்ன சொல்ல?”

“அவருக்குப் பகல்ல வேலை இருக்குன்னு சொல்லு.”

சிங்கராயர் செருப்பை மாட்டினார். பைக்குள்ளிருந்து நீலம் துணியைக் கொத்தியது. உடம்பில் படாமல் பையைத் தள்ளிப் பிடித்துக்கொண்டு வெளியே போனார். இருதயமேரி விரலைச் சப்பியபடியே மற்றக் கையால் கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டாள்.