எர்சிலியா காபியை விட்ட குளிர்காலம்

மெல்போர்னில் லைகன் தெருப் பக்கம் போகும்போதெல்லாம் எர்சிலியாவுக்குத் தலைச்சன் பிள்ளையைச் சுமந்த அந்தக் குளிர்காலம்தான் நினைவுக்கு வரும். அப்போது அங்கே அவர்களுக்கு ஒரு சின்னக் காபிக் கடை. முன்னால் கணவன் துய்லியோ காபி போடுவான். பின்கட்டில் இவள் கேக் சுடுவாள். அவன் நீட்டுகிற கோப்பையையெல்லாம் நாள் முழுக்கக் குடித்துக்கொண்டே இருப்பாள்.

மசக்கை வந்ததும் காபி வாசனையே குமட்டியது. அடியோடு விட்டாள். காபி இல்லாமல் தலை விண்விண்ணென்று தெறித்தது. பட்டப்பகலில் மாவு மேசைமேல் கவிழ்ந்து தூங்கிப்போனாள். கன்னமெல்லாம் மாவாக எழுந்தவளைப் பார்த்துத் துய்லியோ, "ஏண்டி, உன்னையும் அடுப்புல வெச்சுடவா?" என்று சிரித்தான்.

தலைவலி தீர்ந்த பிறகு தான் சுட்ட ரிக்கோட்டா என்னும் பாலாடைக்கட்டிக் கேக்கை ஒரு வாய் தின்றாள். திகட்டியது. "ஐயோ, இத்தனை நாளா இந்தச் சர்க்கரை மூட்டையவா ஊருக்குக் குடுத்தேன்?"

மறுநாள் சர்க்கரையைப் பாதியாக்கினாள். எலுமிச்சைத் தோலின் மணம் நாக்கில் தனியாக எழுந்து வந்தது. அவளுக்கே பெருமை.

டிராம் ஓட்டும் பிரீமோ வழக்கம்போலக் காபியைக் குடித்துவிட்டு அந்தக் கேக்கைக் கடித்தான். முகம் சுளித்தான். "என்ன தங்கச்சி, புருஷனோட சண்டையா? கோவத்தக் கேக்குல காட்டிட்டியே!"

கடையே சிரித்தது. எர்சிலியா பின்கட்டுக்குப் போய் அழுதாள். துய்லியோ ஒரு கோப்பைக் காபியோடு வந்தான்.

"மூக்கப் புடிச்சிக்கிட்டு இதக் குடி. கொஞ்ச நேரம் கழிச்சு அதே கேக்கத் தின்னு பாரு."

தின்றாள். "சப்புன்னு இருக்கே!"

"காபி உள்ள போனா இனிப்பு மட்டுப்படுது போல. இங்க வர்றவன் அத்தனை பேருக்கும் காபி நாக்குதானே? நீ சுட்டது சரியாத்தான் இருந்துச்சுடி."

அன்றிலிருந்து கடைக்குப் பழைய அளவுச் சர்க்கரையில் கேக். தங்களுக்குப் பாதிச் சர்க்கரையில் ஒரு குட்டிக் கேக். அதன் ருசிக்காகத் துய்லியோவும் மத்தியானத்துக்குமேல் காபியைத் தொடவில்லை. சாயங்காலம் கடையடைத்து வீடு திரும்பும்போது இருவரும் அதைப் பிட்டுத் தின்றபடி நடப்பார்கள். அவன் கொட்டாவி விட்டுக்கொண்டே வருவான். அவ்வளவு நிதானமாக அவன் பேசி அவள் கேட்டதில்லை.

மகள் பிறந்து ராத்தூக்கம் கெட்டபோது எர்சிலியா மறுபடி காபியை எடுத்தாள். முதல் கோப்பையிலேயே கண் பளிச்சென்று திறந்தது. தெருவின் சத்தமெல்லாம் துல்லியமாகக் காதில் விழுந்தது. சந்தோஷமாகத்தான் இருந்தது. குட்டிக் கேக்தான் அவள் நாக்குக்கு மறுபடி சப்பென்றாகி, அதோடு நின்றுபோனது. துய்லியோ மட்டும் அதைச் சில நாள் கேட்டுப் பார்த்தான்.