ஜீப் நாய்க்கு மட்டும்

தேயிலைத் தோட்டத்துப் பெரிய தொரையும் அவர் மனைவி நோனாவும் பத்து நாள் பயணமாகக் கொழும்புக்குப் புறப்பட்ட காலையில், நோனா சொல்லச் சொல்ல பங்களா வேலைக்காரன் கன்னையா எழுதினான். போன தடவை வாய்ப்பேச்சாகச் சொல்லிவிட்டுப் போனதில் நாய் மெலிந்துபோனதாம். அதனால் இந்த முறை எல்லாம் எழுத்தில். அவள் சிங்களத்தில் சொன்னாள், அவன் தமிழில் எழுதிக்கொண்டான்.

டைகருக்குக் காலை ஏழு மணிக்குப் பாண் ரொட்டியும் பாலும். பன்னிரண்டு மணிக்கு மாட்டெலும்பு அவித்த தண்ணீரில் சோறு, உப்புக் கூடாது. கோழி எலும்பு ஆகாது. மழை விட்டதும் காதிலும் விரலிடுக்கிலும் அட்டை பார்க்க வேண்டும். பிடித்து இழுக்காமல் உப்புத் தண்ணீர் தொட்டு விட வேண்டும். ஒரு வேளை சாப்பிடாமல் படுத்துக்கொண்டாலும், உடனே ஜீப்பில் ஏற்றி பலாங்கொடை மிருக வைத்தியரிடம் கொண்டுபோக வேண்டும். ஜீப் வேறு எதற்கும் வெளியே போகக் கூடாது.

கடைசி வரி தொரையே சொன்னது. அதற்கு அடியில் கையெழுத்தும் போட்டார். தொரையின் கையெழுத்துக்கு மேலே தன் எழுத்து நிற்பது கன்னையாவுக்குப் பெருமையாகத்தான் இருந்தது. சோற்றுப் பசை தடவி அந்தத் தாளைக் குசினியில் அடுப்புக்கு எதிர்ச் சுவரில் ஒட்டினான்.

மூன்றாம் நாள் பதினொரு மணிக்கு, இடுப்பில் கட்டிய படங்குச் சாக்கோடு கருப்பாயி ஓடிவந்தாள். மலையில் கொழுந்து பறிப்பவள். குசினிப் படியிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

“அண்ணே, ஆறாம் நம்பர் மலையில குளவிக்கூடு கலைஞ்சிருச்சு. கொட்டுனதுல ஒருத்திக்கு மூஞ்சி வீங்கி மூச்சே வரல. லொறி கொழுந்தோட போயிருச்சு. ஜீப்ப குடுங்க.”

கன்னையா நாய்ச்சோற்றை ஆற வைத்துக்கொண்டிருந்தான்.

“சின்ன தொரைகிட்ட அனுமதித் துண்டு எழுதி வாங்கியாந்தியா?”

“அவரு ரத்தினபுரிக்குப் போயிட்டாருண்ணே.”

“துண்டு இல்லாம முடியாது புள்ள. இங்க பாரு, பெரிய தொரை கையெழுத்து.” வரிக்குக் கீழே விரலை வைத்து நிறுத்தி நிறுத்திப் படித்தான். “ஜீப், வேறு, எதற்கும்...”

கருப்பாயி அந்த விரலையே பார்த்தாள்.

“யாருக்குன்னு ஒரு வார்த்த கேட்டீங்களாண்ணே?”

“யாரா இருந்தா என்னா? சட்டம்னா...”

“ஒங்க பொண்டாட்டிக்குத்தான். மருதாயி அண்ணிக்கு.”

விரல் சுவரிலேயே நின்றது. வெளியே ஜீப்பைத் துடைத்துக்கொண்டிருந்த ட்ரைவர் சாலி துணியை எறிந்துவிட்டு உள்ளே வந்தார்.

“சாவி எங்கடா?”

“சாலி நானா, நம்ம ரெண்டு பேருக்கும் வேல போயிரும்.”

சொன்ன பிறகுதான் சொன்னது தன் வாய் என்று கன்னையாவுக்கு உறைத்தது. கருப்பாயி தலையில் அடித்துக்கொண்டாள்.

“நாய ஏத்து” என்றார் சாலி.

“என்னா?”

“நாய்க்குச் சொகமில்லாட்டி கொண்டு போகச் சொல்லித்தானே எழுதி ஈக்கிது? நாய்க்குச் சொகமில்ல. ஏத்துடா மடையா!”

டைகர் வாலை ஆட்டிக்கொண்டு முன் சீட்டில் பாய்ந்து உட்கார்ந்தது. மலையடியில் மருதாயியைத் தூக்கிப் பின்னால் கிடத்தினார்கள். கண் எது, கன்னம் எது என்று தெரியவில்லை. வளையல்கள் வீங்கிய மணிக்கட்டுக்குள் புதைந்திருந்தன. பதினேழு வருடம் பார்த்த முகத்தில் அவன் ஒரு அடையாளம் தேடினான். மூக்குத்தி மட்டும் கிடைத்தது. பலாங்கொடை வரும்வரை வளைவுக்கு வளைவு அவள் மூச்சு அறுந்து அறுந்து ஒட்டியது.

பெரியாஸ்பத்திரியில் ஊசி போட்டு, மூக்கில் குழாய் வைத்தார்கள். இன்னும் கால் மணி நேரம் பிந்தியிருந்தால் பிரேதத்தைத்தான் கொண்டுவந்திருப்பீர்கள் என்று டொக்டர் சிங்களத்தில் ஏசினார்.

மூன்று மணிக்கு மருதாயியின் ஒரு கண் கீறலாகத் திறந்தது.

“சொன்னதும் ஓடியாந்துட்டீங்களா?” என்றாள், தடித்த உதட்டால்.

கன்னையா கருப்பாயியைப் பார்த்தான். அவள் அண்ணியின் முடிக்குள் சிக்கியிருந்த செத்த குளவிகளை ஒவ்வொன்றாக எடுத்துக்கொண்டிருந்தாள்.

“ஆமா அண்ணி. சொன்ன ஒடனேயே.”

மருதாயி அவன் கையைத் தேடினாள். அவன் குனிந்தான்.

“தள்ளி நில்லு” என்றாள் கருப்பாயி, நிமிர்ந்து பார்க்காமல். “காத்து வரட்டும்.”