இரண்டாவது தட்டு

அன்று சோதனைக் கூடத்தில் இருந்தவர்கள்: முதலாளி தெய்வநாயகம். சூப்பர்வைசர் காஸ்பர். சூளையிலிருந்து கூடை சுமந்து வரும் பழமலை. மேசையில் எதிரெதிராக உட்காரும் சாவித்திரி, அமலராணி. கோயம்புத்தூரிலிருந்து வந்த ஆலோசகர் ஒருவர். அவர் பெயரை யாரும் கேட்டுக்கொள்ளவில்லை. கையிலிருந்த ஸ்டாப்வாட்சைப் பார்த்து 'வாட்ச் சார்' என்று வைத்துவிட்டார்கள்.

மேசைமேல் பீஸ் கட்டைகள் குவிந்திருந்தன. வீட்டு மெயினில் ஃப்யூஸ் கம்பி சுற்றி மாட்டும் வெள்ளைப் பீங்கான் கட்டைதான். வெந்து வந்த ஒவ்வொன்றையும் கையில் எடுத்து போல்ட்டால் தட்டிப் பார்க்க வேண்டும். நல்ல கட்டை கணீரென்று பேசும். கண்ணுக்குத் தெரியாத கீறல் இருந்தால் டொக்கென்று விழும். தலையில் ஒரு தட்டு, திருப்பிப் பிடித்து அடியில் ஒரு தட்டு. தலையில் தட்டும்போது அடிக்கீறல் சில நேரம் வாயே திறக்காது. அதற்குத்தான் இரண்டாவது தட்டு. யாரும் எழுதி வைத்த விதி இல்லை. பதினாறு வருஷமாகச் சாவித்திரி அப்படித்தான் செய்தாள். எதிரே அமலராணியும் அப்படித்தான்.

முந்தின நாளே காஸ்பர் சொல்லிவிட்டான். "நாளைக்கு வெளியாளு வர்றாரு. என் மானத்த வாங்கிடாதீங்க." பெண் பார்க்க வருகிறவர்களுக்குச் செய்வதுபோல் கூடத்தைக் கழுவிவிட்டார்கள். சாவித்திரி பெட்டியில் மடித்து வைத்திருந்த புடவையை எடுத்துக் கட்டிக்கொண்டு வந்தாள்.

"என்னாக்கா, ஓட்டப் பந்தயமா? விசிலு எப்ப ஊதுவாரு?" என்றான் பழமலை.

"நீ கூடைய எறக்குடா. உனக்கும் ஒரு விசிலு வச்சிருப்பாரு."

வாட்ச் சார் தன்மையான ஆள். "எப்பவும் செய்றாப்பல செய்ங்கம்மா. அவசரமே வேணாம்" என்றார். அதை யார் கேட்டார்கள்? விருந்தாளி போதும் என்றால் சோறு போடுவதை நிறுத்திவிடுகிறோமா?

முதல் பத்து கட்டைக்குச் சாவித்திரி இரண்டு தட்டு தட்டினாள். பக்கத்தில் அவர் கட்டைவிரல் வாட்சின்மேல் ஏறி இறங்கியது. பின்னால் முதலாளி மூச்சு விடுவது கேட்டது. அவளுக்குக் கழுத்து சுட்டது. பதினோராவது கட்டையில் இரண்டாவது தட்டை விட்டாள். பிறகு எல்லாவற்றிலும் விட்டாள். வாட்ச் சார் போனதும் மறுபடி தட்டிக்கொள்ளலாம் என்று அந்தக் கட்டைகளைத் தனிக் கூடையில் போட்டாள். நினைத்தபடி சாயந்திரம் தட்டவும் செய்தாள். நாலு சொத்தை. எடுத்துக் குப்பையில் போட்டாள். அவள் அளவில் விஷயம் முடிந்தது.

வாட்சின் அளவில் முடியவில்லை. சாவித்திரி, கட்டைக்கு மூன்று நொடி. அமலராணி, ஏழு.

பத்து நாள் கழித்துச் சுவரில் ஒரு தாள் ஒட்டினார்கள். செக்கிங்: மூன்று நொடி. ஆள்: ஒன்று.

தெய்வநாயகம் சாவித்திரியைத் தன் அறைக்குக் கூப்பிட்டார். கெட்ட மனுஷர் இல்லை. பிளாஸ்டிக் சுவிட்சு வந்து பீங்கானின் கழுத்தைப் பிடித்திருந்தது. பக்கத்துப் பட்டறைகள் இரண்டில் பூட்டு தொங்கியது. "ஆளுக்கு எவ்ளோ உற்பத்தின்னுதான் பேங்குலயும் கேக்குறான். நீ ஒருத்தியே ரெண்டு ஆளு வேலை செய்வியாமே, சாரு எழுதிக் குடுத்துட்டாரு. அமலராணிக்கு நான் சொல்லிக்கிறேன்."

அப்போது சொல்லியிருக்கலாம். ஒரு தட்டுதான் தட்டினேன் என்று நாலு வார்த்தை. வெளியாள் முன்னால் ஏமாற்றினவள் என்று பேர் வரும் என்று பயந்தாள். அது பாதிதான். ஒரு ஆள்தான் என்றால் அது தானாகவே இருக்கட்டும் என்பது மீதி. "சரிங்க" என்று வெளியே வந்தாள்.

சனிக்கிழமை அமலராணி தன் போல்ட்டைத் துடைத்து மேசையில் வைத்தாள். "உங்க கை எனக்கு வராதுக்கா. எம் பங்கையும் சேத்து தட்டுங்க" என்றாள். குத்தலாகச் சொல்லவில்லை. அதுதான் சாவித்திரிக்குத் தாங்கவில்லை.

அதற்கப்புறம் மூன்று நொடிதான். காஸ்பர் மணிக்கொரு தரம் கூடை எண்ணினான். இரண்டாவது தட்டுக்கு நேரமே கிடையாது. சுவரில் மாட்டியிருந்த உற்பத்திக் கணக்குப் படத்தில் கோடு மேலே போனது. வாட்ச் சார் வந்து அதைப் போட்டோ எடுத்துக்கொண்டு போனார்.

நாலாவது மாசம் சேலத்திலிருந்து ஒரு லாரி சரக்கு திரும்பி வந்தது. மாட்டின இடத்திலெல்லாம் கட்டை பிளந்துகொண்டதாம். எல்லாம் அடிக்கீறல்.

சாவித்திரி முதலாளியிடம் போய் எல்லாவற்றையும் சொன்னாள்.

"அன்னைக்கே சொல்லியிருக்கணும்."

"ஆமாங்க."

"இப்ப அந்தக் கணக்க வச்சித்தான் பேங்குல லோனு குடுத்திருக்கான். ஆளு ஏத்துனேன்னு எப்புடிப் போயி சொல்றது?" கண்ணைத் தேய்த்துக்கொண்டார். "அமலராணிய ஒரு வாரத்துக்குக் கூட்டியா. திரும்பி வந்தத தட்டிக் குடுத்துட்டுப் போகட்டும்."

"ஒரு வாரம் கழிச்சிங்க?"

"கழிச்சி என்னா. அதே மூணு நொடிதான்."

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து ஆட்கள் வீடு திரும்பிய நேரத்தில் சாவித்திரி கோயில் தெருவுக்குப் போனாள். அமலராணி உட்காரச் சொல்லித் தண்ணீர் கொடுத்தாள். சொம்பைப் பிடித்த விரல்கள் கருகிப்போய்த் தோல் உரிந்திருந்தன. முந்திரிக்கொட்டை உடைக்கிற வேலைக்குப் போகிறாள், கொட்டையின் எண்ணெய் சுட்டிருக்கிறது என்று அந்த விரல்களே சொல்லின. சாவித்திரி சேலத்துச் சரக்கைப் பற்றிச் சொன்னாள்.

"திரும்பி வந்துருச்சா? எங்க கீறலு?"

"அடியில."

"நீங்க தட்டுனா அடிக்கீறலு தப்பாதேக்கா."

"நான் அடியில தட்டல அமலா."

"எப்பலேருந்து?"

"அந்த சாரு வந்தன்னைலேருந்து."

அமலராணி திரும்ப வாங்கிய சொம்பைக் கீழே வைத்தாள். தெருவில் யாரோ டி.வி.எஸ். வண்டியை உதைத்துக்கொண்டிருந்தார்கள்.

"அன்னைக்கு நான் நிமிந்துகூடப் பாக்காம ரெண்டு தட்டும் தட்டுனேன்."

"தெரியும்."

"எதுத்தாப்பல உக்காந்து பாத்துக்கினுதான இருந்தீங்க?"

சாவித்திரி தலையாட்டினாள்.

"நாலு மாசமா எங் கைதான் மெதுவுன்னு நெனச்சிக்கினு கெடந்தேன். முந்திரி ஆபீசுல எல்லாரும் கையில சாம்பலத் தொட்டுக்கினு ஒடைப்பாங்க. அதுக்கு நேரம் புடிக்குதுன்னு நான் தொட்டுக்கிறதில்ல. இங்கயாவது வேகமா செய்வோம்னு." விரல்களை மடக்கப் பார்த்தாள். பாதிக்குமேல் மடங்கவில்லை. "இதுல போல்ட்டு நிக்குமா?"

"ஒரு வாரத்துக்கு வரச் சொன்னாரு" என்றாள் சாவித்திரி.

"அப்பறம்?"

அமலராணி எழுந்து கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். சாவித்திரியும் எழுந்தாள்.

"போங்கக்கா."

அவ்வளவுதான். சண்டை போட்டுக்கொண்டு போகிறவர்களைக்கூட இந்த ஊரில் 'போயிட்டு வாங்க' என்றுதான் அனுப்புவார்கள். சாவித்திரி படியிறங்கி, செருப்பை மாட்டுகிற சாக்கில் கொஞ்சம் நின்றாள். மீதி வார்த்தை வரும் என்று பார்த்தாள்.

கதவு சாத்திக்கொண்டது. தாழ்ப்பாள் விழுந்தது, ஒரு சத்தம். பிறகு பூட்டில் சாவி திரும்பியது, இரண்டாவது.