கேட்டுக்கு வெளியே கோடிச் சேலை

கேட்டின் கொண்டியை எடுக்கப் போன கோமளாவின் கையைத் தம்பிதுரை பிடித்துக்கொண்டார்.

"தெறக்காதே கண்ணு."

"மாமாங்கப்பா. அம்மாவுக்குக் கோடி கொண்டாந்திருக்காரு."

"யாரா இருந்தாலும் சரி."

வெளியே மாசாணம் மஞ்சள் பையோடு நின்றார். உள்ளே வாசலில் கிடத்தியிருக்கும் பாவாத்தாளுக்கு உடன்பிறப்பு அவர் ஒருவர்தான். பிறந்த வீட்டுச் சேலை மேலே விழாமல் கிணத்துக்கடவுப் பக்கம் எந்தப் பெண்ணையும் எடுத்ததில்லை. நாதியற்றவளுக்குக்கூட அண்ணன் முறைக்காரன் எவனாவது போர்த்திவிடுவான்.

ஆனால் மாசாணத்தின் பண்ணையில் கோழிகளுக்கு வெள்ளைக்கழிச்சல். கொர் கொர்ரென்று மூச்சிழுத்துச் சாகின்றன. காலையில்கூடக் குழியில் தள்ளி மூடிவிட்டுத்தான் வந்திருந்தார். தம்பிதுரையின் கொட்டகையில் நேற்றுத்தான் தடுப்பு மருந்து விட்டது, குஞ்சுக்குக் கண்ணில் ஒரு சொட்டு. "ஒரு சொட்டுப் போதுமுங்க, உள்ள போயி அதுவே பெருகிக்கும். பெருகி முடிய ஒரு வாரம் ஆகும். அது வரைக்கும் கோழி வளக்கறவங்க காலடி படப்படாது" என்று டாக்டர் சொல்லிப் போயிருந்தார். பாவாத்தாளுக்கு அந்த ஒரு வாரம் பொறுக்கத் தெரியவில்லை. விடியக்காலையில் மூச்சு நின்றுபோயிற்று.

ஊரெல்லாம் இழவு சொல்லி ஆள் விட்ட மனுசன் மச்சினனுக்கு மட்டும் விடவில்லை. பக்கத்துத் தோட்டத்துப் போனில் சொன்னது கோமளாதான்.

"குளிச்சுப்போட்டு, துணி மாத்திப்போட்டுத்தானுங்க மாமா வந்தேன்" என்றார் மாசாணம். "அக்கா மொகத்த ஒருக்காப் பாத்துட்டுப் போயர்றனுங்க."

"தப்பா நெனைக்காதீங்க மாப்ளே. சீக்கு மயிருல இருக்கும், நகத்துல இருக்கும். தொண்ணூத்தஞ்சுல எங்க கொட்டாயே காலியானது உங்களுக்குத் தெரியாததுங்களா?"

அடேயப்பா, என்ன மரியாதை! கழுத்தை அறுத்தாலும் கும்பிட்டுவிட்டுத்தான் அறுப்பார்.

"சேலையவாச்சும் வாங்கிக்கறனுங்கப்பா" என்றாள் கோமளா.

"துணியிலயும் ஒட்டும். அதத் தொட்டீன்னா நீயும் அங்கயே நின்னுக்கோணும் அம்மணி."

கோமளா கையை உதறிக்கொண்டு வெளியே போனாள். பின்னாலேயே கொண்டி விழுந்தது. பெற்ற அப்பன்! மாமா அவளைக் கட்டிக்கொண்டு அழுதார்.

கோழி வளர்க்காத அக்கம்பக்கத்தார் மட்டும் பிளீச்சிங் பவுடர் தண்ணீரில் காலை நனைத்துவிட்டு உள்ளே போனார்கள். அம்மாவை யார் யாரோ குளிப்பாட்டினார்கள். பெற்ற மகள் கம்பி இடுக்கில் பார்த்துக்கொண்டிருந்தாள். தொண்ணூற்றைந்தில் செத்த கோழிகளையெல்லாம் வாரி வாரிப் புதைத்தவள் அம்மாதான். அன்றைக்குக் கொட்டகைக்குள் வராதே என்று அவளை யாரும் தடுக்கவில்லை.

"கோடி போடாம எடுக்கறதாவுதுங்க?" என்று உள்ளே ஒரு பெரியவர் கேட்டார்.

"போட்டுக்கலாமுங்க. அவசரமென்ன?" என்றார் தம்பிதுரை.

மதியம் பறை அடித்தார்கள். கேட்டை அகலத் திறந்து பாடையைத் தூக்கி வந்தார்கள். கொள்ளிச்சட்டியோடு முன்னால் நடந்த தம்பிதுரை, ரோட்டுக்கு வந்ததும் நின்றார். பாடையை இறக்கச் சொன்னார்.

"இப்பப் போத்துங்க மாப்ளே" என்றார், தன்மையாகத்தான். "இனி அவ திரும்பி உள்ளார வரப்போறதில்லீங்களே."

மாசாணம் சேலையை உதறினார். புது மடிப்பு விரிந்து, காற்றில் ஒருமுறை உப்பி, அம்மாவின் மேல் இறங்கியது. கோமளா ஒரு நுனியைப் பிடித்துக் கால்வரைக்கும் இழுத்துவிட்டாள்.

பின்னால் யாரோ ஞாபகமாகக் கேட்டைச் சாத்திக் கொண்டியைப் போட்டார்கள்.