ஜானட்டின் காலி பாட்டில்

ராயபுரத்தில் சுடலைராஜ் அண்ணாச்சி வீட்டு அடிபம்பில், கிறிஸ்துமஸ் அன்று காலை ஐந்தே முக்காலுக்கு, பிரான்ஸ் தேசத்து போர்தோ வைன் வந்தது. முதல் குடத்தை அடித்தவர் அவர் மனைவி குணசுந்தரி. சிவப்பாக இருந்ததால் துரு என்று நினைத்துத் துணி துவைக்க ஒதுக்கினார். அண்ணாச்சியின் வெள்ளை வேட்டிகள் ஆறும் கத்தரிப்பூ நிறத்தில் கொடியில் தொங்கிய பிறகுதான் விஷயம் வெளியே தெரிந்தது. தெருவிலும் யாரும் வாயைப் பிளக்கவில்லை. நிலத்தடித் தண்ணீரில் எண்ணெய் மிதப்பதை முகர்ந்து வளர்ந்த சனம் இது. பூமிக்கு அடியிலிருந்து என்ன வந்தாலும் பால் விலை ஏறிய மாதிரி கேட்டுவிட்டு நகர்ந்துவிடும்.

எதிர்வீட்டு ஜானட்டுக்கு மட்டும் காரணம் தெரியும். அவள் புருஷன் அம்புரோஸ், அண்ணாச்சியின் திருவொற்றியூர் கிடங்கில் இருபத்திரண்டு வருஷம் வேலை பார்த்தவன். கப்பலில் வந்திறங்கும் சரக்கு வரி கட்டும்வரை அங்கேதான் பூட்டிக் கிடக்கும். கன்டெய்னருக்குள் வேர்த்து லேபிள் உரிந்த வைன் பாட்டில்களையும் உடைந்து ஒழுகிய பெட்டிகளையும் முகர்ந்து, எந்த ஊர்ச் சரக்கு என்று பதிவேட்டில் எழுதுவது அவன் வேலை. தோள் உயர்ந்த பாட்டில் போர்தோ, தோள் சரிந்தது பர்கண்டி, ஒல்லிக் கழுத்துப் பச்சை என்றால் மோசல். எண்ணூரைத் தாண்டாத மனுஷன், ஸ்பெயினில் எந்த மலைச்சரிவில் வெயில் அதிகம் என்று சொல்வான். அந்த நவம்பரில் ஒரு ஹோட்டலுக்குப் போகவேண்டிய நாற்பது பெட்டிகள் காணாமல் போயின. மாதவரம் வழியாக அவற்றை வேனில் அனுப்பித் திருட்டுத்தனமாக விற்றது அண்ணாச்சியே. ஆனால் "மோந்து மோந்து பாத்தவன் எடுக்காமலா இருந்திருப்பான்?" என்று அவர் ஒரு வார்த்தை விட்டார், பழி அம்புரோஸ் தலையில் இறங்கியது. வேலை போனது. காசிமேட்டு மீன்காரிகள்கூட அவனைக் கண்டதும் சுருக்குப்பையை இடுப்புக்குள் தள்ளினார்கள். அவன் வீட்டுக்குள் போய்ப் படுத்தவன், வெளியே வரவே இல்லை.

ஜானட் அந்த வருஷமும் வழக்கத்தை விடவில்லை. பன்னீர் திராட்சையும் சர்க்கரையும் ஒரு பிடி கோதுமையும் போட்டு பீங்கான் ஜாடியில் ஊறிய வைனை, டிசம்பர் இருபத்துநாலாம் தேதி வீட்டுக்கு ஒரு பாட்டில் கொடுத்து வந்தாள். மதார் சாகிப் வீட்டுக்கு மட்டும் கேக். அந்தத் தெருவில் பாட்டிலை யாரும் காலியாகத் திருப்பித் தரமாட்டார்கள். சர்க்கரையோ பொட்டுக்கடலையோ எதையாவது போட்டுத்தான் தருவார்கள். அண்ணாச்சி என்ன செய்தார்? தெருவே பார்க்க மூடியைத் திருகிப் பம்பின் அடியில் கவிழ்த்தார். "திருட்டுச் சரக்கு என் வீட்டுக்கு எதுக்கு?" என்று காலி பாட்டிலை அவள் கையில் திணித்தார். அவள் அழுவாள் என்று எதிர்பார்த்து நின்ற நாலு பேருக்கு ஏமாற்றம்.

"ஊத்திட்ட இல்ல அண்ணாச்சி? இனிமே உன் வூட்ல அதான் ஊறும்" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனாள்.

முதல் மூன்று வாரம் போர்தோ, சாத்தாங்காடு மார்க்கெட் இரும்பையும் சுருட்டுப் பெட்டியையும் சேர்த்து முகர்ந்த மாதிரி. பிறகு வெளிர்சிவப்பில் பர்கண்டி. அடுத்து வெள்ளையாக வந்ததும் அண்ணாச்சி கையெடுத்துக் கும்பிட்டார். லேசாக மண்ணெண்ணெய் நெடியும் அடிக்கவே, பழைய வடசென்னைத் தண்ணீரே திரும்பிவிட்டது என்று இரண்டு செம்பு குடித்தும்விட்டார். அது ஜெர்மனியின் மோசல் நதிக்கரை ரீஸ்லிங் வைன். வயதானால் அதற்கு அந்த நெடி உண்டாம். ஷாம்பெயின் வந்தபோது பம்பின் கைப்பிடி தானாகத் துள்ளி அவர் முன்பல்லைப் பெயர்த்தது. ஸ்பெயினின் ஷெர்ரி உப்புக்காற்றும் பாதாமுமாக வந்தது. போர்ச்சுகலின் போர்ட் தித்திப்பாக வந்ததில் தெரு எறும்பெல்லாம் அவர் வீட்டில் குடியேறியது. லாரித் தண்ணீர் தொட்டியில் விழும்போதே சிவந்தது. கேன் தண்ணீர் வாசற்படி தாண்டியதும் நுரைத்தது. குணசுந்தரி வைனில் ஒரு நாள் ரசம் வைத்துப் பார்த்துவிட்டு அம்மா வீட்டுக்குப் பெட்டி கட்டினார். காலை எட்டு மணிக்கு ஸ்கூட்டரை மடக்கிய போலீஸ்காரரிடம், பல் மட்டும்தான் துலக்கினேன் என்று அண்ணாச்சி சத்தியம் செய்தார்.

சரக்கு மாறும்போதெல்லாம் ஜானட் ஒரு டம்ளர் பிடித்துப் போய்ப் புருஷனின் மூக்கடியில் நீட்டினாள். அவன் சுவரைப் பார்த்துப் படுத்தபடியே ஊர்ப் பெயரைச் சொன்னான். அவள் அதைக் கரித்துண்டால் தெருப் பக்கச் சுவரில் எழுதினாள். சித்திரைக்குள் ஆறு ஊர். சுங்கத்திலிருந்து வந்த அதிகாரி சுவரைப் பார்த்தார், காணாமல் போன பெட்டிகளின் பட்டியலைப் பார்த்தார், பம்பைப் பார்த்தார். வரிசைகூட மாறவில்லை. பம்புக்கு ஈயச் சீல் வைத்துவிட்டுப் போனார். அன்று சாயங்காலமே குளியலறைக் குழாயில் ஏழாவதாக ஸ்பெயினின் ரியோகா வந்தது.

அண்ணாச்சி ஞாயிற்றுக்கிழமை தெரு நடுவில் நின்று, "நான்தான் எடுத்தேன், அம்புரோஸ் மேல ஒரு தப்பும் கிடையாது" என்று மூன்று தரம் சொன்னார். முன்பல் இல்லாததால் காற்றாகப் போன வார்த்தைகளை நான்காம் தரம் சொல்ல வைத்தாள் ஜானட். சுங்கம் அவர் மேல் போட்ட வழக்கு இன்னும் வாய்தாவில் ஓடுகிறது. அம்புரோஸ் மட்டும் சட்டை மாட்டிக்கொண்டு காசிமேட்டுக்கு நடந்தான். மீன்காரி கேட்காமலே இரண்டு சங்கரா கூடப் போட்டாள்.

குழாய் நிற்கவில்லை. அண்ணாச்சி எதிர்வீட்டு வாசலுக்கு வந்தார்.

"அதான் சொல்லிட்டேனே தாயி. இன்னும் என்ன செய்யணும்?"

"சொன்னது வாயி. ஊத்துனது கை ஆச்சே" என்ற ஜானட், உள்ளே போய் அந்தப் பாட்டிலைக் கொண்டுவந்தாள். "காலியா குட்த்த இல்ல? ரொப்பிக் குடு. சக்கரைலாம் வாணாம். உன் வூட்டுத் தண்ணி போதும்."

அதற்கு மூன்று வருஷம் ஆகிறது. சீல் எடுக்கப்பட்ட பம்பில் அண்ணாச்சி தினமும் காலை ஏழு மணிக்குப் பாட்டிலை நிரப்பிக்கொண்டு வருவார். ஜானட் அதை வெயிலில் தூக்கிப் பார்ப்பாள். "இன்னாய்யா இது, தண்ணியா?" என்று உள்ளே குரல் கொடுப்பாள். அம்புரோஸ் உள்ளிருந்தே முகர்ந்து ஊர்ப் பெயரைச் சொல்வான். அவள் அண்ணாச்சியின் காலடியில் நிதானமாகக் கவிழ்த்துவிட்டுப் பாட்டிலை நீட்டுவாள். பள்ளிக்கூட ஆட்டோக்காரர் அதைக் கடிகாரமாக வைத்துத்தான் வண்டியைக் கிளப்புகிறார். இன்றைக்கு வந்தது மோசல். மண்ணெண்ணெய் நெடி கொஞ்சம் தூக்கல் என்று தெருவில் பேச்சு.