ஒரு முழத் துணி

மேனேஜர் ஜானகிராமன் ஐஸ் பெட்டியின் மேல் விரித்த வெள்ளைத் துணியை இழுத்துச் சரிசெய்யப் போன கவிநிலா, தொட்டதுமே கையை எடுத்துக்கொண்டாள். அந்த விறைப்பு. அந்த மருந்து வாசனை. பதினோரு வருடமாக அம்மாவின் புடவைத் தலைப்பிலும், சோறு பிசைந்து கொடுத்த விரல்களிலும் போகாமல் இருந்த வாசனை.

"கம்பெனி சார்பில கோடிம்மா," என்றார் அவர். "ஆறு மீட்டர். எக்ஸ்போர்ட் குவாலிட்டி. நானே ஸ்டோர்ல பேசி எடுத்தேன்."

முதலியார்பேட்டையின் அந்தச் சந்தில் ஷாமியானாவுக்குக் கீழே எல்லோரும் அவரை மரியாதையோடு பார்த்தார்கள். பிளாஸ்டிக் நாற்காலி ஒன்றை யாரோ துடைத்துப் போட்டார்கள்.

எட்டு நாளுக்கு முன் காலை ஷிப்டுக்குக் கிளம்பும் அவசரத்தில், அடுப்புக்கு மேலிருந்த டப்பாவை எட்டி எடுத்தாள் அம்மா கமலவேணி. நைலான் நைட்டியின் கை நெருப்பில் பட்டது. அது எரிந்து உதிரவில்லை. உருகி உடம்போடு ஒட்டிக்கொண்டது. ஆஸ்பத்திரிக்கு வந்த போலீஸ்காரர் அப்பாவிடம் கேட்ட முதல் கேள்வி, "வூட்ல எதனா சண்டையா?" என்பதுதான். நைட்டியைப் பற்றி யாரும் கேட்கவில்லை.

அம்மா வேலை பார்த்த கம்பெனி வெளிநாட்டு ஓட்டல்களுக்குத் திரைச்சீலை அனுப்புகிறது. பருத்தித் துணியை மருந்துத் தொட்டியில் முக்கி, உருளைகளுக்கு நடுவில் பிழிந்து, அம்மோனியா காட்டி அலசிக் காயவைப்பார்கள். அதற்குப் பிறகு அந்தத் துணியில் தீ நிற்காது. ஒவ்வொரு ரோலிலும் ஒரு கீற்று வெட்டித் தொங்கவிட்டு, அடியில் சுடரைப் பிடித்துப் பன்னிரண்டு எண்ணுவது அம்மாவின் வேலை. சுடரை எடுத்தால் தீ தானாக அணைய வேண்டும். எங்கோ ஓர் ஓட்டலில் யாரோ நிம்மதியாகத் தூங்குவதற்காகத் தினமும் எண்ணினாள்.

நாலு மாதத்துக்கு முன்னால் கழித்துப்போட்ட ரோலிலிருந்து ஒரு முழம் கேட்டாள், சமைக்கும்போது மேலே கட்டிக்கொள்ள. குப்பை லாரியில் போகிற துணிதான். மூன்று தடவை கேட்டும் பதில் இல்லை. நாலாவது தடவை கேட்காமல் டிபன் பையில் வைத்தாள். கேட்டில் செக்யூரிட்டி பையைக் கவிழ்த்தான். 'கம்பெனிப் பொருளைத் திருட முயன்றதற்காக' ஒரு வாரம் சஸ்பெண்ட் என்று கடிதம் வந்தது. கீழே ஜானகிராமனின் கையெழுத்து. அதை அரிசி டப்பாவுக்கு அடியில் ஒளித்துவைத்து, லீவு போட்டிருப்பதாக அப்பாவிடம் சொன்னாள். கவிநிலாவுக்கு மட்டும் தெரியும்.

ஆஸ்பத்திரியில் ஏழாம் நாள், உதடு மட்டும்தான் அசைந்தது. "அந்த லெட்டர அவங்களையே கிழிக்கச் சொல்லுடி."

கவிநிலா ஐஸ் பெட்டியின் தலைமாட்டு விளக்கருகே உட்கார்ந்தாள். துணியின் மூலையை எடுத்துச் சுடரில் பிடித்தாள்.

"ஏய், இன்னா பண்ற!" என்று யாரோ கத்தினார்கள்.

"ஒண்ணு... ரெண்டு..." அவள் சத்தமாக எண்ணினாள். துணியில் தீ ஏறியது. பன்னிரண்டில் விலக்கினாள். தீ அப்படியே அணைந்தது. மூலை மட்டும் கறுத்திருந்தது.

"எரியாத துணிய எடுத்தாந்து எங்கம்மா மேல போட்டிருக்கீங்க சார். இதுல ஒரு முழம் கேட்டாங்க. திருடின்னு எழுதினீங்க."

"இந்த நேரத்துல எதுக்கும்மா அதெல்லாம்..."

"எந்த லெட்டரு?" அப்பா மதிவாணன் எழுந்து வந்தார். "கவி, யாரத் திருடின்னது?"

பதில் சொன்னது தையல்நாயகி. அம்மாவோடு அதே செக்‌ஷனில் வேலை செய்கிறவள். "உன் பொண்டாட்டியத்தான்ணே. கேட்ல அத்தினி பேரு முன்னாடி பையக் கொட்டனாங்க. ஏன் சார், ஆறு மீட்டர் எடுத்தாந்தீங்களே, உங்க பையயும் கவுத்துப் பாத்தாங்களா?"

"கேட்பாஸ் இருக்கு," என்று அவசரமாகச் சட்டைப் பையிலிருந்து அந்த அனுமதிச் சீட்டை எடுத்தே காட்டிவிட்டார் ஜானகிராமன்.

பெண்கள் பக்கத்திலிருந்து ஒரு சிரிப்பு வந்தது. சாவு வீட்டில் கேட்கக் கூடாத சிரிப்பு.

"நல்லதாப் போச்சு சார்," என்றாள் கவிநிலா. "அதுக்குப் பின்னாலயே எழுதுங்க. கமலவேணி திருடலன்னு. அந்த லெட்டர்ல போட்ட அதே கையெழுத்து போதும்."

"எனக்கு அதிகாரம் இல்லம்மா. மேல கேக்கணும்."

"அன்னைக்குப் போடறதுக்கு இருந்திச்சே?"

அவர் பேனா மூடியைக் கழற்றினார். சுற்றிலும் பார்த்தார். திரும்ப மூடினார். கேட்பாஸை நாற்காலியில் வைத்துவிட்டு, போனைக் காதில் வைத்தபடி சந்திலிருந்து வெளியே போனவர் திரும்பவில்லை.

அப்பா வெள்ளைத் துணியைத் தானே எடுத்து மடித்து ஓரமாக வைத்தார். பிள்ளைச்சாவடியிலிருந்து மாமா கொண்டுவந்திருந்த பிறந்த வீட்டுப் பருத்திப் புடவையைப் பிரித்து, மனைவிக்குக் குளிருமோ என்பது போலக் கழுத்துவரை இழுத்துவிட்டார்.

மூன்று மணிக்கு எடுத்துப்போனார்கள். பெண்கள் வீட்டைக் கழுவிவிட்டார்கள். கவிநிலா ஈரத் தலையோடு கத்திரிக்கோலை எடுத்துவந்து, கருகிய மூலைப் பக்கமிருந்து முழங்கையால் ஒரு முழம் அளந்து வெட்டினாள். மிச்சத்தையும் கேட்பாஸையும் தையல்நாயகியிடம் நீட்டினாள்.

"சித்தி, நாளைக்கு இத கேட்ல குடுத்துடுங்க. ஒரு முழம் கொறையும்."

"கேட்டா இன்னாடி சொல்றது?"

"கமலவேணி பொண்ணு எடுத்துக்கிச்சின்னு சொல்லுங்க. எழுதிக்கச் சொல்லுங்க."

அடுப்பு இன்று எரியாது. பக்கத்து வீட்டுச் சோறு மூடியபடி இருந்தது. அடுப்படிச் சுவரில், புகை படிந்த ஆணியில் அம்மாவின் பழைய கரித்துணி தொங்கிக்கொண்டிருந்தது. கவிநிலா அதை நகர்த்தாமல், அதன்மேலேயே அந்த ஒரு முழத்தை மாட்டினாள். பிறகு, கறுத்த மூலை வெளியே தெரியும்படி திருப்பிவிட்டாள்.