மேனேஜர் சட்டையிலிருந்து இறங்கிப் போன மயில்கள்

தீபாவளி முடிந்த வியாழக்கிழமை காலை ஒன்பதரை மணிக்கு, நகராட்சித் தண்ணீர் நின்ற கொஞ்ச நேரத்தில், ஆரணியில் பரிமளா வீட்டு நாய் போட்டிருந்த பட்டுச் சட்டையிலிருந்து பதினேழு மயில்கள் இறங்கிப் போயின. நாய்க்குப் பெயர் மேனேஜர். மூன்று வருஷத்துக்கு முன் ஒரு மழை நாளில் அது தானாக வீட்டுக்குள் வந்து, பரிமளாவின் கணவர் வேணுகோபாலின் தறிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, அவர் நெய்வதை நாள் முழுக்க வேடிக்கை பார்த்துவிட்டு, சாப்பாட்டு நேரத்துக்கு மட்டும் சரியாக எழுந்து வந்ததால் அந்தப் பெயர். செம்பழுப்பு நிறம், ஒரு காது மடிந்திருக்கும், யாரையும் கடித்ததில்லை.

சட்டை யோசனை சென்னையிலிருந்து வந்தது. மகள் ஜெயப்ரியா அங்கே கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை பார்க்கிறாள். அவள் குடியிருப்பில் உள்ள நாய்கள் மழைக்கோட்டும் காலுறையும் போட்டுக்கொண்டு லிஃப்டில் போகிற படங்களை அனுப்பி, நம்ம மேனேஜர் மட்டும் ஏன் வெறும் உடம்போடு அலையணும் என்று கேட்டாள். பரிமளா இருபத்திரண்டு வருஷமாக ஜாக்கெட் தைக்கிறவள். கை டைட்டு, கழுத்து லூசு என்று சொல்லாமல் ஒரு பெண்ணும் அவள் வாசலைத் தாண்டியதில்லை. வாயில்லாத ஒருவருக்குத் தைத்துப் பார்க்கலாம் என்று அவளுக்கு ஆசை வந்தது. தறியில் அப்போது வந்தவாசிக் கல்யாணப் பெண்ணுக்காக ஒரு மயில் புட்டா புடவை ஓடிக்கொண்டிருந்தது. அதே பாவு நூலில் மாதிரிக்காக முதலில் நெய்து அறுத்த ஒரு முழம் துணி பெட்டியில் கிடந்தது, அதை எடுத்தாள்.

வேணுகோபால் ஒரே ஒரு தடவை ஆட்சேபித்தார். “அதுக்குப் பொறக்கும்போதே துணி தச்சிதானே அனுப்பிச்சிக்கீது, மேல இன்னாத்துக்கு?”

“நாமகூடத்தான் தோலோட பொறந்தோம்” என்றாள் பரிமளா. அதோடு விவாதம் முடிந்தது.

தீபாவளியன்று காலை எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டி, மஞ்சள் தடவி, அரக்குச் சிவப்புச் சட்டையை மாட்டி, முதுகுப் பக்கம் நான்கு கொக்கி போட்டாள். மேனேஜர் அப்படியே நின்றது. உட்காரவில்லை, படுக்கவில்லை, வாலை ஆட்டவில்லை. சாப்பாட்டையும் நின்றபடியே சாப்பிட்டது. ஊர் திரண்டு வந்து பார்த்தது. டீக்கடை எல்லப்பன் அதுவரை நாயைக் கல்லெடுத்துத் துரத்தியவர், அன்று முதல் ‘வாங்க மேனேஜர்’ என்று பன்மையில் கூப்பிட்டார். எதிர்வீட்டில் இருக்கும் ஓய்வுபெற்ற ஆசிரியை சந்திரகாந்தா மட்டும் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு வெகுநேரம் பார்த்தார். அவர் வந்தவாசிப் பக்கத்து ஜைனக் குடும்பம். எறும்புக்கும் வழிவிட்டு நடப்பவர். “பரிமளா, இது சந்தோஷத்துல நிக்கற மாதிரி எனக்குத் தோணலியே” என்றார். மரியாதை தெரிந்த நாய், டீச்சரம்மா, அதான் அடக்கமாக நிற்கிறது என்று பரிமளா சொல்லிவிட்டாள்.

வியாழக்கிழமை காலை, முதலாவது மயில் நாயின் முன்னங்கால் வழியாக வழுக்கி இறங்கி, சிறகிலிருந்த ஜரிகைத் தூசியை உதறிவிட்டு நடந்தது. மற்ற பதினாறும் வரிசையாகப் பின்னால் போயின. சாக்கடையைத் தாண்டும்போது மட்டும் தோகையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டன. ஒன்பது மயில்கள் சந்திரகாந்தா காயப்போட்டிருந்த வெள்ளைப் பருத்திப் புடவையில் ஏறின, ஐந்து எல்லப்பனின் வேட்டியில், மூன்று பக்கத்துவீட்டுப் போர்வையில். இவ்வளவோடு நின்றிருந்தால் ஒருநாள் பேச்சோடு போயிருக்கும். ஆனால் ஒரே பாவில் பிறந்தவை கூடப்பிறந்தவை மாதிரிதான். இவை போகிற சத்தம் கேட்டு, தறியில் இருந்த அறுபத்து நான்கு மயில்களும் எழுந்து ஜன்னல் வழியாகப் போய்விட்டன. வேணுகோபால் டீ குடித்துவிட்டு வந்து பார்த்தபோது, நெய்து முடிக்க ஒரு சாண் மட்டுமே பாக்கியிருந்த புடவை, புட்டா ஒன்றுகூட இல்லாமல் மொட்டைச் சிவப்பாகக் கிடந்தது. அவர் கத்துகிற ஆள் இல்லை. எங்கே போவதாகச் சொல்லிவிட்டுப் போயின என்று மட்டும் கேட்டார்.

கல்யாணம் திங்கட்கிழமை. பட்டு வியாபாரி ஜெயவேல் சனிக்கிழமை மத்தியானம் புடவையை வாங்க வருவதாக ஏற்பாடு. அவருக்குப் போன் செய்ததில் அவர் சந்தேகமே படவில்லை. போன வருஷம் வேறொரு தறியிலிருந்து அன்னங்கள் ஏரிவரை போய் இரண்டு நாள் நீந்திவிட்டுத் தாமாகவே வந்ததையும், ஆனால் மயில் சமாச்சாரம் வேறு என்பதையும் பொறுமையாக விளக்கினார். “படவேட்டு மலைப்பக்கம் போயிடுச்சின்னா பேஜாருங்க, திரும்பாது. ஜல்தியா பாருங்க” என்று போனை வைத்தார். பரிமளா வெள்ளிக்கிழமை முழுக்க ஒரு தட்டில் கம்பு வைத்துக்கொண்டு ஊரில் துணி காயும் கொடிகளையெல்லாம் சுற்றினாள். மயில்கள் துணிக்குத் துணி தாவினவே தவிர இறங்கவில்லை. எல்லப்பன் தன் ஐந்தைத் தருவதற்கில்லை என்றார். வேட்டி இப்போதுதான் வேட்டி மாதிரி இருக்கிறதாம்.

சனிக்கிழமை காலை அவள் சோர்ந்துபோய் மேனேஜருக்கு எதிரே தரையில் உட்கார்ந்தாள். வெறும் சிவப்புச் சட்டையில் அது இன்னும் நின்றுகொண்டிருந்தது. அதன் கண்ணைப் பார்த்தபோது அவளுக்குப் போன மே மாதம் ஞாபகம் வந்தது. சென்னைக்குப் போனபோது ஜெயப்ரியா ஆசைப்பட்டு அவளுக்கு ஒரு ஜீன்ஸ் பேன்ட் மாட்டிவிட்டு, பெரிய கடைத்தெருவுக்கு அழைத்துக்கொண்டு போனாள். உட்கார்ந்தால் பிடித்தது, நடந்தால் உரசியது. மகளின் சிநேகிதிகள் ஆன்ட்டி சூப்பர், ஆன்ட்டி சூப்பர் என்று படம் எடுத்தார்கள். பரிமளா சாயங்காலம் வரை ஒரு தூணோரமாக நின்றபடியே சிரித்தாள். அந்தப் படத்தைப் பார்த்தவர்கள் எல்லாரும் அவள் எவ்வளவு கம்பீரமாக நிற்கிறாள் என்றுதான் சொன்னார்கள்.

“நீயும் அப்டிதான் நின்னுகினு இருந்தியா?” என்று கேட்டாள். மேனேஜர் மடிந்த காதை மட்டும் அசைத்தது. “எம்மேலதான்டா தப்பு” என்று சொல்லிக்கொண்டே நான்கு கொக்கிகளையும் கழற்றினாள்.

சட்டை கீழே விழுந்ததும் மேனேஜர் உடம்பை உதறியது. நாய்கள் உதறுவது சகஜம்தான். ஆனால் இது ஆறு நாளாக உதறாமல் சேர்த்துவைத்த உதறல். மூக்கில் தொடங்கி, காதுக்கு வந்து, முதுகில் ஓடி வால் நுனிக்குப் போய், அங்கிருந்து மறுபடி மூக்குக்குத் திரும்பி, எட்டு மணிக்கு ஆரம்பித்தது பத்தே முக்கால் வரை நிற்கவில்லை. அதனால் எழுந்த காற்றில் காலண்டர்கள் அடுத்த மாதத்துக்குத் திரும்பின, ஊர்க்கொடியில் இருந்த துணியெல்லாம் படபடத்தது, ஜவ்வாது மலைப்பக்கமிருந்து மேகம் இழுபட்டு வந்து வானம் கறுத்தது. மழை என்னவோ செய்யாறு பக்கம்தான் பெய்தது. ஆனால் மண்வாசம் ஆரணி முழுக்க அடித்தது. அவ்வளவு போதும் மயில்களுக்கு. புடவை, வேட்டி, போர்வை, ஒரு பள்ளிக்கூடத்துக் கொடி என்று ஒளிந்திருந்த இடத்திலிருந்தெல்லாம் தோகை விரித்துக்கொண்டு இறங்கி, தெரு நிறைய ஆடிக்கொண்டு வந்தன. ஆட்டோக்காரர்கள் வண்டியை அணைத்துவிட்டுக் காத்திருந்தார்கள். சந்திரகாந்தா வாசலில் நின்று, யாரும் மிதித்துவிடாதபடி வழி ஒதுக்கிக் கொடுத்தார். மேனேஜர் உதறி முடித்து, வெறும் உடம்போடு முன்னால் நடந்து, தறிக்குப் பக்கத்தில் தன் இடத்தில் போய்ப் படுத்தது. மயில்கள் அதைத் தாண்டித்தாண்டிப் புடவையில் ஏறின.

வேணுகோபால் பாக்கி ஒரு சாணையும் நெய்து முடித்தார். மத்தியானம் வந்த ஜெயவேல் விரித்துப் பார்த்தார். ஆர்டர் கொடுத்தது மடக்கிய தோகைக்கு. இருப்பதோ அத்தனையும் விரித்த தோகை, போதாததற்குச் சட்டையிலிருந்தவையும் சேர்ந்துகொண்டதில் நெருக்கம் வேறு. பெண்வீட்டாரிடம் புது டிசைன் என்று சொன்னார். அவர்களும் சந்தோஷமாக வாங்கிக்கொண்டார்கள். கெட்டிமேளம் கொட்டும்போது முந்தானையில் இரண்டு மயில்கள் திரும்பிப் பார்த்தது வீடியோவில் தெளிவாக விழுந்திருக்கிறது. ஜெயப்ரியாவிடம் நடந்ததையெல்லாம் பரிமளா சொன்னாள். மகள் இனிமேல் லிஃப்டில் அந்த நாய்களின் முகத்தைப் பார்க்கப்போவதாகச் சொன்னாள். பரிமளா சட்டையின் தையலைப் பிரித்துத் தரையில் விரித்தாள். மேனேஜர் மூன்று தடவை மோந்து பார்த்துவிட்டு அதன்மேல் படுத்துக்கொண்டது. நாய்க்குத் துணி வேண்டுமா என்று இப்போது யாராவது கேட்டால், தாராளமாக வேண்டும், போட்டுக்க இல்லை, படுத்துக்க என்பாள்.

மார்கழியில் நகராட்சிக்காரர்கள் நாய்களுக்கு வெறிநோய்த் தடுப்பூசி முகாம் வைத்தார்கள். ஹேமநாத் என்று ஒரு இளவயது டாக்டர் வந்திருந்தார். மேனேஜரின் கழுத்தைப் பிடித்து மயிரை விலக்கியவர், இரண்டு தோள்களுக்கும் நடுவில் கட்டைவிரல் அளவில் ஒரு மயில் இருப்பதைப் பார்த்தார். நீலமும் பச்சையும், கழுத்தில் ஒரு இழை ஜரிகை.

“இது?” என்றார்.

“அதுவா தங்கிடுச்சிங்க. ரெண்டும் ஒத்துமையாத்தான் கீது. அரிச்சா அதைச் சுத்தித்தான் சொறிஞ்சிக்கும்.” பரிமளா கொஞ்சம் தயங்கினாள். “அதுக்கும் ஊசி போடணுங்களா?”

டாக்டர் கையிலிருந்த புத்தகத்தைப் புரட்டிப் பார்த்துவிட்டு, பட்டில் வருபவற்றுக்குத் தேவையில்லை என்றார். பிறகு அட்டையை எடுத்து, நிறம் என்ற இடத்தில் செம்பழுப்பு என்றும், அடையாளம் என்ற இடத்தில் மயில், ஒன்று என்றும் எழுதி, முத்திரை குத்திக் கொடுத்துவிட்டு அடுத்த நாயைக் கூப்பிட்டார்.